அஞ்சம்மாள் கொட்டிய கூட்டு

அஞ்சம்மாளின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு அவள் தன் மகன் குமரேசனைச் சாப்பிடக் கூப்பிட்டால், சேலையூரில் இருக்கிற குமரேசன்கள் எல்லாரும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை தாம்பரத்தில் இறங்க வந்த ஹெலிகாப்டர், கீழே அஞ்சம்மாள் எருமையைப் பார்த்து "அப்பால போ!" என்று கத்தியதைக் கேட்டு மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது. இதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சம்மாள் பேசிக் கேட்டிராதவர்கள்.

மாடம்பாக்கத்தில் பூர்வீகக் குடும்பம் அவளுடையது. அவள் அப்பா நிலம் விற்ற காலத்தில் பத்திரத்தைவிடக் கைதான் பெரிது. "அந்தப் பனையிலேருந்து இந்தக் கெணறு வரிக்கும்" என்று அவர் கையைக் காட்டினார். வாங்கியவரின் கை இன்னும் கொஞ்சம் நீளம். அந்த நீளத்தில் இன்று மூன்று பிளாக் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பெயரில் பசும்புல்வெளி உண்டு, தரையில் சிமெண்ட் கல்தான். அதன் வாசலில் அஞ்சம்மாள் இட்லிக்கடை போட்டபோது வாட்ச்மேன் விரட்ட வந்தார்.

"இங்கல்லாம் கடை போடக் கூடாதும்மா."

"இன்னா நைனா பேசற? நீ நிக்கிற எடத்துலதான் எங்கூட்டு எரும சாணி போடும். அத்தோட எடத்துல நீ நிக்கறியே, நான் எதுனா கேட்டனா?"

வாட்ச்மேன் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நகர்ந்து நின்றார். கடை நிலைத்தது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு குமரேசனுக்கு அம்மாவின் மேல் அக்கறை பொங்கியது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை, அங்கேயே வீடு. "இட்லி விக்கற வயசாம்மா இது? எங்ககூட வந்து இரு" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். அந்த வீட்டில் அஞ்சம்மாள் ஒரு பொங்கலுக்குத் தங்கிப் பார்த்திருக்கிறாள். டிவி ரிமோட் மருமகள் கையில். சமையலறை மருமகள் கையில். அஞ்சம்மாளின் கையில் கொடுக்கப்பட்டது ஒரு ஜெபமாலையோ துளசிமாலையோகூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். தெருவில் லாரியைத் தவிர ஒன்றும் போகாது. லாரிக்காரன் பதில் பேச மாட்டான். அஞ்சம்மாளுக்கு அது சிறை.

இந்த நேரத்தில்தான் மையம் வந்தது.

எங்கள் பக்கத்துச் சமுதாயக் கூடம் ஒன்று பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டுக்குள் தனியாகக் கிடக்கும் வயசானவர்கள் பகல் முழுக்க வந்து இருக்கவும், மதியம் சாப்பிடவும் அங்கே ஒரு முதியோர் பகல் மையம் திறக்கலாம் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. கட்டடமும் அரிசியும் தன்னுடையது, மற்றதை ஊரிலுள்ள சாமி பக்தர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஸ்ரீராம பஜனை மண்டலி காய்கறி, பருப்பு, எண்ணெய்ச் செலவை ஏற்றது. பக்கத்துத் தெருக் கிறிஸ்தவச் சபை, பிரஷர் பார்க்க ஒரு நர்ஸையும் மாத்திரைகளையும் தந்தது. பள்ளிவாசல் ஜமாத் கூட்டி வர ஒரு வேன் கொடுத்தது. கடைசிவரை யாருடனும் சண்டை போடாதது அந்த வேன் மட்டும்தான்.

திறப்பு விழாவில் சமூகநல அதிகாரி ஜெயஸ்ரீ மேடை ஏறினாள். சுறுசுறுப்பான பெண், ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே அடுத்ததற்கு மூச்சு வாங்குபவள். "இது அரசும் சமூகமும் சேர்ந்த கூட்டு. கூட்டு நல்லா இருக்கற வரைக்கும் மையம் இருக்கும். கூட்டு கெட்டுப்போச்சுன்னா, மன்னிச்சுக்குங்க, கதவைப் பூட்டிக் கட்டடத்தைக் கல்யாண வாடகைக்கு விட்டுடுவோம்" என்றாள். எல்லாரும் கை தட்டினோம். அஞ்சம்மாளுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. பின்பக்கம் சமையலறையில், பற்றிக்கொள்ள மறுத்த கேஸ் அடுப்போடு அவள் நேரிடையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், சமையல் பொறுப்பு அவளுக்குத்தான். மண்டலிக்காரர்கள் சபையார் சொன்ன ஆளை ஒப்பவில்லை, சபையார் மண்டலி சொன்ன ஆளை ஒப்பவில்லை. அஞ்சம்மாளோ ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், செப்டம்பரில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பாள், பேரனுக்குக் காய்ச்சல் என்றால் தர்காவில் கயிறு மந்திரித்து வாங்குவாள். எல்லாக் கடவுளையும் பெயர் சொல்லித் திட்டும் உரிமை பெற்றவள். இரு தரப்பும் அவளைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு குமரேசனுக்கு அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்த மையத்த இழுத்து மூடற அன்னிக்கு மூட்டையக் கட்டிகினு உன் வூட்டுக்கு வந்துர்றேன். அது வரிக்கும் வாயத் தொறக்காத." குமரேசன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டான். மருமகள் நாற்காலியைத் துடைத்து வைத்தாள்.

தகராறு சாப்பாட்டில் வந்தது. மண்டலியின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் இன்சூரன்சில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சாவைப் பற்றிக் கணக்குப் போட்டதால் மோட்சத்தில் நாட்டம் அதிகம். மண்டலிப் பணத்தில் சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டாமல் பரிமாறக்கூடாது என்றார். தினம் மதியம் ராமர் படத்தின் முன் கூட்டுப் பாத்திரத்தை வைத்து, ஸ்தோத்திரம் சொல்லி, துளசி போட்டு, ஒரு கரண்டி எடுத்துச் சோறு, குழம்பு, ரசம் எல்லாவற்றிலும் கலந்துவிடுவார். கலந்தால்தான் எல்லாம் பிரசாதம்.

வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த யேசுதாசன் இலையை மூடிவிட்டார். அவர் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் இடையில் வாழ்க்கையைக் கழித்தவருக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரியும்.

"படைச்சதை நான் சாப்பிட மாட்டேன்."

"இது படைக்கறது இல்லை ஓய், அமுதுசெய்யப் பண்றது" என்றார் ஸ்ரீநிவாசராகவன், மனம் புண்பட்டு.

"ஸ்டேஷன் பேரை மாத்தி எழுதினா ஸ்டேஷன் நகர்ந்துடுமா சார்? படைச்சது படைச்சதுதான்."

இது தெரிந்ததும் சபையின் சமூகசேவைச் செயலாளர் டேனியல் ஓடி வந்தார். நல்ல மனுஷன், குரலில் எப்போதும் மைக் வைத்திருப்பவர். "அப்படின்னா நாங்க முதல்ல ஜெபம் பண்ணிடறோம். ஜெபம் பண்ணினதுக்கு அப்புறம் யார் என்ன செஞ்சாலும் ஒட்டாது" என்றார். ஸ்ரீநிவாசராகவன், "பெருமாளுக்கு ரெண்டாம் பந்தியா?" என்று துள்ளினார். ஒருநாள் இவர் முதலில், மறுநாள் அவர் முதலில் என்று சமாதானம் ஆனது. சமாதானத்தால் யேசுதாசனுக்கு எந்த லாபமும் இல்லை. யார் முதலில் போனாலும் கடைசியில் துளசி சோற்றில்தான் இருந்தது. அவர் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வீட்டில் மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் மையத்துக்கு அனுப்ப மாட்டான். அப்புறம் பகலெல்லாம் பூட்டிய வீட்டில், கூட்ஸ் வண்டி போகிற சத்தம் மட்டும்தான் துணை.

அஞ்சம்மாள் இதைப் பார்த்துப் பார்த்து வெந்தாள். ஓர் ஆள் தன் சமையலைத் தொடாமல் பன் தின்பது அவளுக்கு முகத்தில் துப்பியது போல.

"பெர்சு, நான் உனக்குத் தனியா எட்த்து வெச்சிர்றேன், கம்னு துன்னு. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"திருட்டுத்தனமா சாப்பிட மாட்டேன்மா. பந்தியில எல்லாருக்கும் போடறதைப் போடு, சாப்பிடறேன்."

"அட, பேஜாராக் கீதே உன்னோட!"

கத்திரி வெயில் வந்தது. ஒருநாள் ஏகாதசி. ஸ்ரீநிவாசராகவன் சுருக்கமான ஸ்தோத்திரத்தை விட்டுவிட்டு ஆயிரம் நாமத்தையும் சொல்வது என்று உட்கார்ந்தார். அன்றைக்கென்று டேனியல் பொத்தேரியிலிருந்து ஒரு விருந்தினர் பாஸ்டரை அழைத்து வந்திருந்தார். ஆயிரம் நாமம் முடிந்ததும் பாஸ்டர் எழுந்து, அங்கிருந்த முதியவர்கள் ஒவ்வொருவரின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் தனித்தனியே ஜெபித்தார். நடுவில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. மேஜைமேல் தேங்காய் அரைத்துவிட்ட புடலங்காய்க் கூட்டு, வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடந்தது.

"யார் வேணா எதை வேணா சொல்லிக்கோங்கோ, நேக்குப் பசிக்கறது" என்றாள் அபிதகுஜாம்பாள் மாமி. மையத்திலேயே மூத்தவள் அவள்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

பாஸ்டர் இடது முழங்கால்களை முடித்து வலது முழங்கால்களுக்கு வந்தபோது, அடுப்பே இல்லாமல் கூட்டு தானாகக் கொதிக்க ஆரம்பித்தது. குமிழி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாற்றம் ராமர் படம்வரை போனதில், ராமரே லட்சுமணன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். அஞ்சம்மாள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். சோறும் ரசமும் மட்டும் பரிமாறினாள். திரும்பி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது போன் அடித்தது. அதிகாரி ஜெயஸ்ரீ.

"அஞ்சம்மா, நல்லா இருக்கீங்களா? கூட்டு எப்படிப் போயிட்டிருக்கு?"

"கூட்டா? அத்த ஏன் மேடம் கேக்கறீங்க, கெட்டுப்போச்சு."

"என்னது, கெட்டுப்போச்சா? எப்போ?"

"இப்பத்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கைய வெச்சா கெடாம இன்னா செய்யும்? ராகவன் சார் ஒரு பக்கம், டேனியல் சார் ஒரு பக்கம். நாறிப்போச்சு மேடம்."

"ஐயோ. பேசிச் சரி பண்ண முடியாதா?"

"பேசியா? பேசிப் பேசித்தான் கெட்டுச்சே! நான் தூக்கிக் கொட்டிட்டேன். நாயி வந்து மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகினு போய்டுச்சு."

"அப்ப இனிமே..."

"இனிமே இன்னா, நாளைக்குப் புதுசாத்தான் வெக்கணும்."

போனை வைத்த அஞ்சம்மாள், "இந்த மேடத்துக்கு நம்ம கூட்டு மேல இன்னா ஒரு அக்கற பாரு" என்று நெகிழ்ந்தாள். நெகிழ்ச்சி சாயங்காலம்வரைதான். ஸ்ரீநிவாசராகவனும் டேனியலும் வேர்த்து விறுவிறுத்து ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அவர்களை ஒரே வண்டியில் பார்ப்பதே ஒரு கெட்ட சகுனம். இருவருக்கும் அதிகாரி பேசியிருந்தாள்: கூட்டு முறிந்துவிட்டது என்று தெரிகிறது, நாளை மதியம் வருகிறேன், சாவியைத் தயாராக வையுங்கள்.

"யாரு மேடத்துக்கிட்ட சொன்னது?" என்று டேனியல் ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்துக் கேட்டார்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று ஸ்ரீநிவாசராகவன் டேனியலைப் பார்த்துச் சொன்னார்.

அஞ்சம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேடம் கேட்டது எந்தக் கூட்டு, தான் கொட்டியது எந்தக் கூட்டு என்று. ஒரு போன் போட்டு, "நான் சொன்னது பொடலங்கா மேடம்" என்றால் தீர்ந்தது. சிங்கப்பெருமாள் கோவில் நாற்காலியும் ஒழிந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் எண்ணை அழுத்தும் முன் அவள் புத்தி வேறு பக்கம் ஓடியது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மேடம் நம்பிவிட்டால், நாளை இவர் மறுபடி துளசியோடு வருவார், அவர் மறுபடி பாஸ்டரோடு வருவார், பெர்சு மறுபடி பன்னோடு சுவரைப் பார்க்கும். இந்த இரண்டு பேரும் பயந்து நிற்கிற முகத்தை இதற்கு முன் அவள் பார்த்ததில்லை. அதை வீணாக்க மனம் வரவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மேடம் செம கடுப்புல கீறாங்க சார். நாளைக்கு ரெண்டு பேரும் சமையக்கட்டு பக்கம் காலு வெக்கக் கூடாது. சாமியும் வெளிய, சபையும் வெளிய. மீதிய நான் பாத்துக்கறேன்."

"பெருமாளுக்குக் காட்டாமலா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன் நலிந்த குரலில்.

"உங்க பெருமாளு மத்தியானம் கூட்டப் பாத்தாரே, போதாதா? மூக்கப் புடிச்சிகினு நின்னாரு!"

வீட்டுக்குப் போனதும் அவள் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். திறந்து பார்த்தாள். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொல்லி மறுபடி மேலேயே ஏற்றி வைத்தாள்.

மறுநாள் ஜெயஸ்ரீ வரும்போது கைப்பையில் ஒரு புதுப் பூட்டு இருந்தது. வாசலிலேயே செயலாளர்கள் இருவரும் தோளில் தோள் உரச நின்றார்கள். ஒற்றுமையைக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார்கள், அளவைத்தான் முடிவு செய்யவில்லை.

"மேடம், டேனியல் எனக்குக் கூடப் பிறக்காத தம்பி."

"அண்ணன் ஸ்தோத்திரம் சொன்னா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும் மேடம்."

"ஸ்தோத்திரம் டேனியல்."

"ஸ்தோத்திரம் ராகவன் அண்ணா!"

ஒருவர் சொன்னது சமஸ்கிருதம், மற்றவர் சொன்னது சபை வணக்கம். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றாக இருந்தது அன்றைக்கு மட்டும் உதவியது. ஆனால் இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் ஜெயஸ்ரீக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இருவரையும் ஒதுக்கிக்கொண்டு நேரே பந்திக்கு வந்தாள். அஞ்சம்மாள் அப்போதுதான் பரிமாறி முடித்திருந்தாள்.

"பெரியவங்க நீங்க மறைக்காம சொல்லுங்க. கூட்டு எப்படி இருக்கு?"

அபிதகுஜாம்பாள் மாமி விரலை நக்கினாள். "இன்னிக்கு நன்னாயிருக்கு. தேங்கா சித்த கூடப் போட்டிருக்கலாம்."

"அதில்லை பாட்டி..." என்று ஜெயஸ்ரீ யேசுதாசன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க ஐயா."

"நான் கூட்டு வாயில வெச்சே ரொம்ப நாளாச்சும்மா."

ஜெயஸ்ரீ எல்லார் இலையையும் பார்த்தாள். எல்லா இலையிலும் ஓரமாக, பச்சையும் வெள்ளையுமாக ஒன்று இருந்தது. மெதுவாக அஞ்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீங்க போன்ல... கொட்டிட்டேன்னு சொன்னது?"

"பொடலங்கா கூட்டு மேடம். பின்ன, நீங்க எத்தக் கேட்டீங்க?" என்றாள் அஞ்சம்மாள். பச்சைக் குழந்தைக்குக்கூட அப்படி ஒரு முகம் வாய்க்காது.

ஜெயஸ்ரீயின் கழுத்துவரை சிவந்தது. மேலதிகாரிவரை சொல்லியாகிவிட்டது. ஒரு கல்யாணப் பார்ட்டி கூடத்தின் வாடகையை விசாரித்துவிட்டுக்கூடப் போயிருந்தது. ஆனால் அவள் வேலை தெரிந்தவள். கண் யேசுதாசனின் இலையிலேயே நின்றது. சோறு அப்படியே இருந்தது. பக்கத்தில் பன்.

"நீங்க ஏன்யா சாப்பிடல?"

"படைச்சதும்மா. சாப்பிட மாட்டேன்."

"எத்தனை நாளா?"

யேசுதாசன் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதில் புதிதாகக் குத்திய ஓட்டை பதில் சொன்னது.

"அப்ப நான் சொன்னது தப்பே இல்லை" என்றாள் ஜெயஸ்ரீ. குரல் தாழ்ந்துவிட்டது. "ஒரு பெரியவர் பந்தியில உக்காந்து பட்டினி கிடக்கறார்னா கூட்டு கெட்டுத்தான் போயிருக்கு." கை கைப்பைக்குள் போனது. பூட்டின் வளையம் வெளியே தெரிந்தது.

அஞ்சம்மாளின் வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குக் குரல் வரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கண்ணுக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி.

"இல்லை, இல்லை!" என்று ஸ்ரீநிவாசராகவன் பந்திக்குள் பாய்ந்தார். "இன்னிக்கு அமுதுசெய்யப் பண்ணலை. நான் உள்ளேயே போகலை."

"அந்தப் பாஷை எனக்குப் புரியாது சார்" என்றார் யேசுதாசன். "படைச்சீங்களா, இல்லையா?"

"படைக்கலை."

"துளசி?"

"போடலை."

"கரண்டி விட்டுக் கலக்கல?"

"கலக்கலை ஓய்!"

"சத்தியமா?"

ஸ்ரீநிவாசராகவன் ராமர் படத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. கையை நெஞ்சில் வைத்தார். "பெருமாள் சத்தியமா, பெருமாளுக்குக் காட்டலை."

யேசுதாசன் யோசித்தார். சிக்னல் மாறக் காத்திருக்கும் வண்டிபோல உட்கார்ந்திருந்தார். டேனியலுக்கு ஏதோ சொல்ல வாய் திறந்தது, அஞ்சம்மாளின் கரண்டியைப் பார்த்து மூடிக்கொண்டது. கடைசியில் யேசுதாசன் தலையை ஆட்டினார்.

"சரி. ராமர் மேல சத்தியம் பண்ணிட்டு சார் பொய் சொல்ல மாட்டார்."

கண்ணை மூடி, தன் இலைக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பிறகு கூட்டைச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். மறுசோறு கேட்டார். அதற்கு மறுசோறும் கேட்டார். அஞ்சம்மாள், "மெள்ளத் துன்னு பெர்சு, எலையும் சேத்துப் போய்டப்போவுது" என்றபோதுதான் அவளுக்குக் குரல் திரும்பிய விஷயம் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி ஒருதரம் அதிர்ந்தது.

ஜெயஸ்ரீ பூட்டைக் கைப்பையின் அடியில் தள்ளிவிட்டு அபிதகுஜாம்பாள் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் கொஞ்சம் போடுங்க" என்றாள். அலுவலகத்தில் போய், கூட்டைத் தானே பரிசோதித்ததாகவும் நன்றாகவே இருந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். அதில் பொய் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து மையத்தில் ஒரு புது வழக்கம். ஸ்ரீநிவாசராகவன் தன் வீட்டிலேயே பெருமாளுக்குக் கற்கண்டு காட்டி, வெள்ளிச் சிமிழில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். டேனியல் ஜெபத்தைச் சாயங்கால டீக்குத் தள்ளிவிட்டார். டீ என்ன ஜெபித்தாலும் கெடாது. ஆனால் மதியம் பந்தி உட்கார்ந்ததும் யேசுதாசன் சோற்றில் கை வைக்காமல் நிமிர்ந்து பார்ப்பார். ஸ்ரீநிவாசராகவன் முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, பெருமாள் சத்தியமாகப் பெருமாளுக்குக் காட்டவில்லை என்று சொல்ல வேண்டும். "ஸ்தோத்திரம்" என்பார் யேசுதாசன். அப்புறம்தான் சாப்பாடு. ஒருநாள் ராகவனுக்கு ஜுரம் வந்து வராமல் போனதில், போனில் சத்தியம் வாங்கிய பிறகே பந்தி நடந்தது. மண்டலி ஆரம்பித்ததிலிருந்து அவர் இத்தனை முறை பெருமாளை நினைத்ததில்லை என்று அவர் மனைவி சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை குமரேசன் போன் செய்தான். "இன்னாம்மா, மூடிட்டாங்களாமே? எப்ப வர?"

"எவன் சொன்னான்? இன்னும் பத்து பேரு சேந்துகினு கீறாங்க. அந்த நாற்காலில உன் மாமியார உக்கார வையி."

ஜெயஸ்ரீயும் மாதம் ஒருமுறை தவறாமல் போன் செய்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் மிகவும் ஜாக்கிரதை. அந்த வார்த்தையை வாயில் எடுப்பதே இல்லை.

"அஞ்சம்மா, பார்ட்னர்ஷிப் எப்படி இருக்கு?"

"பாட்னர்ஷிப்பா?" என்று அஞ்சம்மாள் மூடியைத் திறந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு அத்த செய்யல மேடம். கீரை மசியல்தான்."